வெயில்ல ஃபேட்டும் எஸ்என்எஃப்பும் சேர்ந்து இறங்குது, இது வெயிலா இல்ல மாட்டோட ஜீனா?

அஞ்சுமாட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். 5 கறவை மாடு வச்சிருக்கேன், 4 எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கிராஸ், 1 ஜெர்சி கிராஸ். குளிர் மாசத்துல மொத்தப் பால்ல ஃபேட், அதாவது கொழுப்பு 4.0 சதவீதம், எஸ்என்எஃப், அதாவது புரதம், பால் சர்க்கரை மாதிரி கொழுப்பு இல்லாத சத்து 8.5 சதவீதம் ஓடிட்டு இருந்துச்சு, வெயில் ஏற ஏற இறங்கி இப்ப ஃபேட் 3.3, எஸ்என்எஃப் 8.1ல வந்து நிக்குது. பாலும் மாட்டுக்கு ரெண்டு மூணு லிட்டர் குறைஞ்சிருக்கு. எனக்குப் புரியாதது இதான், பால் குறைஞ்சா கெட்டியாகணும்ல, அளவும் சத்தும் ரெண்டும் எப்படி ஒண்ணா இறங்கும்? தண்ணி ஊத்துறியான்னு ஒருத்தர் சிரிச்சுட்டே கேட்டாரு, எனக்குச் சிரிப்பு வரல.

இன்னொரு விஷயம். போன மாசம் 40 டிகிரி, காய்ஞ்ச வெயில், மாடு அப்பவே மூச்சு வாங்குச்சுதான். இப்ப 32தான் காட்டுது ஆனா செம புழுக்கம், மூச்சு வாங்குறது கொஞ்சம் கூட குறையல, 8 டிகிரி இறங்கியும் அதே கஷ்டம். இது எப்படின்னும் தெரியல.

ஒருத்தர் "எச்எஃப் ரத்தமே அப்படித்தான், வித்துட்டு ஜெர்சி வாங்கு"ங்கிறாரு. இன்னொருத்தர் "ஜீனாவது ஒண்ணாவது, எல்லாம் வெயில், சீசன் மாறினா தானா ஏறிடும்"ங்கிறாரு. ரெண்டு பேருமே என்னைவிட அனுபவசாலிங்க, அதான் குழப்பம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாட்டுவண்டி:

முதல் ஆள் சொன்னதுதான் சரி தம்பி. எச்எஃப் குளிர் நாட்டு மாடு, பால் நிறைய வரும் ஆனா தண்ணி மாதிரி வரும், வெயில்ல அதுவும் வராது. ஜெர்சிக்கு மாறிட்டா ஃபேட் பிரச்சனையே இல்ல. நான் மாறி நிம்மதியா இருக்கேன்.

கறவை டாக்டர்:

மாட்ட விக்கிற பேச்ச கொஞ்சம் தள்ளி வைங்க தம்பி, முதல்ல என்ன இறங்கியிருக்குன்னு பார்ப்போம். ஃபேட் இறங்குறதும் எஸ்என்எஃப் இறங்குறதும் ஒரே காரணத்தால இல்ல, ரெண்டும் மாட்டு உடம்புல வேற வேற இடத்துல நடக்குது. எல்லாரும் இத ஒண்ணாப் போட்டு "சத்து குறைஞ்சிடுச்சு"ன்னு சொல்றதாலதான் வைத்தியமும் தப்பாப் போகுது.

பால் குறைஞ்சா கெட்டியாகணும்னு நீங்க நினைக்கிறது கறவைக் கடைசியில, மாடு வத்தப்போற சமயத்துல நடக்கிறது. வெயில்ல குறையறது அந்த மாதிரி இல்ல. பாலோட அளவ தீர்மானிக்கிறது லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. மடியில எவ்வளவு லாக்டோஸ் உருவாகுதோ அதுக்குத் தக்கபடி தண்ணிய இழுத்துக்கும், அதனாலதான் லாக்டோஸ் சதவீதம் பெருசா ஆடாது, லிட்டர்தான் ஆடும். லாக்டோஸ் செய்ய குளுக்கோஸ் வேணும். சூடு தாங்காத மாடு தீவனம் எடுக்காது, அதனால குளுக்கோஸ் குறையும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அது கதையில ஒரு பகுதிதான். 2009ல அரிசோனாவுல ஒரு சோதனை பண்ணாங்க, ஒரு செட் மாட்ட சூடான ரூம்ல விட்டாங்க, இன்னொரு செட்ட குளுகுளுன்னு வச்சு, சூட்டு மாடு எவ்வளவு திங்குதோ அதே அளவுதான் இதுக்கும் போட்டாங்க. ரெண்டுமே அரைவயிறு, ஆனா சூட்டுல இருந்த மாடுங்களுக்குப் பால் ரொம்ப அதிகமா விழுந்துச்சு. தீவனக் குறைச்சலால வந்தது மொத்த இழப்புல மூணுல ஒரு பங்கு சுமார்தான், மிச்சம் சூடு நேரடியா பண்ற வேலை.

காரணம் என்னன்னா, பட்டினி கிடக்கிற மாடு உடம்புக் கொழுப்பக் கரைச்சு எரிச்சுக்கிட்டு குளுக்கோஸ மடிக்கு விட்டுக்கொடுக்கும். சூட்டுல இருக்கிற மாட்டுக்கு இன்சுலின் ஏறி நிக்கும், கொழுப்பு கரையாது, உடம்பே குளுக்கோஸ எரிச்சுத் தீர்த்துடும். மெலிஞ்ச மாடு கொழுப்பக் கரைச்சுப் பால் கொடுக்குதுன்னு நாம நினைச்சுக்கிட்டு இருப்போம், வெயில்ல அந்தக் கணக்கு வேலை செய்யாது.

புரதத்துக்கு வரேன். உங்க எஸ்என்எஃப் 8.5ல இருந்து 8.1க்கு வந்ததுல பெரும்பங்கு இதுவாத்தான் இருக்கணும். சூட்டுல மடியில கேசீன், அதாவது பாலோட முக்கியப் புரதம் உருவாகுறது குறையுது, தீவனத்த சமமா வச்சுப் பார்த்தாலும் குறையுது. அமினோ அமிலங்கள உடம்பு வேற வேலைக்கு எடுத்துக்குது, அதனால பால்ல யூரியா கொஞ்சம் ஏறும். புரதம் பத்தலன்னு நினைச்சு புண்ணாக்க அள்ளிக் கொட்டினா அந்த யூரியாதான் இன்னும் ஏறும், கேசீன் ஏறாது. யூரியாவ வெளிய தள்ளவும் மாட்டுக்கு சக்தி செலவு, சூடு வேற.

இப்ப ஃபேட். வெயில்ல ஃபேட் சதவீதம் கண்டிப்பா இறங்கியே ஆகணும்னு கிடையாது. சில மாட்டுக்கு மாறாது, லிட்டர் விழுந்ததால சில மாட்டுக்கு லேசா ஏறக்கூட செய்யும். பகல் நீளமா இருக்கிற சீசன்ல ஃபேட்டும் புரதமும் கொஞ்சம் கம்மியா இருக்கிறது குளிர் பிரதேசத்துல கூட உண்டு, ஆனா அது 0.7 அளவுக்கு வராது. 0.7னா எனக்கு முதல் சந்தேகம் ரூமென், அதாவது பெருவயிறு. அதனால கேக்குறேன், வெயில் ஆரம்பிச்ச பிறகு தீவனத்துல எதையாவது மாத்தினீங்களா? எத்தனை மாடு எப்ப கன்னு போட்டுச்சு? சாம்பிள் எப்படி எடுக்குறீங்க? இத சொல்லுங்க, பிறகு பேசலாம்.

அஞ்சுமாட்டுக்காரன்:

அக்கா இவ்வளவு விவரமா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. மாத்தினேன், ஆமா. வைக்கோல திங்காம கழிச்சுத் தள்ளிட்டு இருந்துச்சு, சரி நார்த்தீவனம் செரிக்கிறப்ப உடம்பு சூடாகும்னு எங்கயோ படிச்சதால அத பாதியாக் குறைச்சு அடர்தீவனத்த ஏத்தினேன். சக்தி பத்தாதேன்னு எண்ணெய் எடுக்காத தவிடும் சேர்த்தேன், கூடவே கொஞ்சம் சமையல் எண்ணெயும் ஊத்தினேன்.

3 மாடு கன்னு போட்டு ரெண்டு மாசம் ஆகுது. ஒண்ணு 5 மாசக் கறவை. இன்னொன்னு வத்தப்போகுது, அடுத்த வாரம் நிறுத்திடுவேன். சாம்பிள் கேன்ல இருந்து மேலாக மோந்து எடுக்கிறதுதான்.

கறவை டாக்டர்:

அதான் கேட்டேன் 🙂 நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருக்கீங்க, ஆனா மூணும் சேர்ந்து ஃபேட்ட அமுக்கியிருக்கு.

நாலுகால்ல நின்னு வாயத் திறந்து மூச்சு வாங்குற மாட்ட நினைச்சுப் பாருங்க. அது கார்பன் டை ஆக்சைட மூச்சோட அளவுக்கு மீறி வெளிய ஊதித் தள்ளுது, ரத்தத்துல புளிப்பு குறைஞ்சு காரத்தன்மை ஏறுது, அத சரிக்கட்ட சிறுநீரகம் பைகார்பனேட்ட சிறுநீர்ல விட்டுடுது. எச்சில்ல போக வேண்டிய சோடா அதுதான். ஒரு நல்ல கறவை மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல எச்சில் முழுங்கும், பெருவயித்துப் புளிப்ப அமுக்குறது அந்த எச்சில்தான். சூட்டுல அசை போடுறதும் குறையும், ஊறுற எச்சில்ல ஒரு பங்கு தரையில ஒழுகும். இந்த நிலைமையில வைக்கோல எடுத்துட்டு அடர்தீவனத்த ஏத்தினா வயிறு புளிச்சுப் போகும். புளிச்ச வயித்துல எண்ணெய் வந்து விழுந்தா அங்க இருக்கிற நுண்ணுயிர் அந்த எண்ணெய வழக்கமான பாதையில மாத்தாம வேற பாதையில மாத்தும், அதுல ட்ரான்ஸ்-10 சிஸ்-12 சிஎல்ஏன்னு ஒரு கொழுப்பு அமிலம் உருவாகும். இது ஒரு நாளைக்கு சில கிராம் மடிக்குப் போனாலே போதும், மடியில கொழுப்பு செய்ற வேலைய நல்லாவே குறைச்சுடும். நீங்க கொழுப்பு ஊத்தினதால கொழுப்பு குறைஞ்சிருக்கு, கேக்கவே விசித்திரமா இருக்கும் ஆனா நடந்தது அதுதான்.

எண்ணெய இன்னிக்கே நிறுத்துங்க. தவிட்ட படிப்படியாக் குறைங்க. வைக்கோல பழைய அளவுக்குக் கொண்டு வாங்க, ஆனா பகல்ல இல்ல, மொத்தத் தீவனத்துல மூணுல ரெண்டு பங்க சாயந்திரத்துக்கு மேலயும் விடியக்காலையிலயும் போடுங்க, நல்ல பசுந்தீவனம் இருந்தா இன்னும் நல்லது. நார் செரிக்கிறப்ப சூடு வரும்னு படிச்சது நிஜம்தான், அதுக்காக நாரையே எடுத்துடக் கூடாது, சூடு வர்ற நேரத்த ராத்திரிக்குத் தள்ளணும். சமையல் சோடா மாட்டுக்கு ஒரு நாளைக்கு 100ல இருந்து 150 கிராம் அடர்தீவனத்துல கலந்து கொடுங்க. மாட்டு வேர்வையில பொட்டாசியம்தான் நிறைய போகும், அதனால தாதுக் கலவையில அது இருக்கான்னு பாருங்க. ஃபேட் மறுநாளே ஏறும்னு எதிர்பார்க்காதீங்க, ரெண்டு மூணு வாரம் ஆகும்.

சாம்பிள் விஷயம் ரொம்ப முக்கியம். மேலாக மோந்தா அன்னிக்கு என்ன வருதோ அது உங்க அதிர்ஷ்டம். முதல்ல பீச்சுற பால்ல ஃபேட் 1, 2தான் இருக்கும், கடைசிப் பால்ல 8 கூட வரும். முழுசாக் கறந்து, கேன நல்லா கலக்கிட்டுத்தான் எடுக்கணும். ராத்திரி இடைவெளி நீளம்ங்கிறதால காலைப் பால்ல ஃபேட் கம்மியாவும் சாயந்திரம் கூடவும் இருக்கும், அதனால ரெண்டு வேளையும் எடுங்க.

காளைக்கணக்கு:

டாக்டரக்கா தீவனப் பக்கத்த சொல்லிட்டாங்க, நான் ஜீன் பக்கம் வரேன், மாட்டுவண்டி அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது.

அண்ணன் சொன்னதுல நிஜம் இருக்கு. எச்எஃப் பால்ல சராசரி ஃபேட் 3.7, 3.8 சுத்தி, ஜெர்சியில 4.8, 4.9 சுத்தி. இது வெயில் இருந்தாலும் இல்லாட்டியும் இருக்கிற வித்தியாசம். இதுல ஒரு பங்கு ஒரே ஒரு ஜீன்ல இருந்து வருது, பேரு டிஜிஏடி1, 14வது குரோமோசோம்ல இருக்கு, 2002ல கண்டுபிடிச்சாங்க. அந்தப் புரதத்துல 232வது இடத்துல லைசின்ங்கிற அமினோ அமிலம் இருந்தா ஃபேட் சதவீதம் கூடும், லிட்டர் குறையும். அலனின் இருந்தா லிட்டர் கூடும், ஃபேட் சதவீதம் குறையும். ஒரு பிரதி மாறினாலே கிட்டத்தட்ட 0.3 புள்ளி வித்தியாசம் காட்டும், ஒத்த ஜீனுக்கு இது ரொம்பப் பெருசு. திமில் உள்ள மாடுங்கள்ல பெரும்பாலும் லைசின்தான், ஜெர்சியிலயும் அது அதிகம், எச்எஃப்ல ரெண்டும் கலந்து கிடக்கும். அதாவது எச்எஃப்லயே கெட்டிப்பால் மாடும் உண்டு.

ஆனா தம்பியோட கேள்வி வேற. ஃபேட் 4.0ல இருந்து 3.3க்கு ஏன் விழுந்துச்சுங்கிறதுதான் அவரு கேக்குறது. குளிர் மாசத்துல இதே அஞ்சு மாடு இதே ஜீன வச்சுக்கிட்டுத்தானே 4.0 கொடுத்துச்சு? மூணு மாசத்துல ஜீன் மாறாது. நேத்து இருந்ததுக்கும் இன்னிக்கு இருக்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஜீன் மேல பழி போட முடியாது, பக்கத்து மாட்டுக்கும் இந்த மாட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் போடலாம்.

அதனால ஒரே நாள்ல ஒரே கொட்டகையில அஞ்சு மாட்டுப் பாலையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணுங்க. அன்னிக்கு வெயில் எல்லாத்துக்கும் ஒண்ணு, தீவனம் ஒண்ணு, அதுக்கு மேல தெரியுற வித்தியாசத்துல ஜீனுக்கு நல்ல பங்கு இருக்கு. ஃபேட் சதவீதத்துல மாட்டுக்கு மாடு இருக்கிற வித்தியாசத்துல பாதி சுமார் பரம்பரையா வருது, லிட்டர்ல அது கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்குதான். ஒரு பொறி இருக்கு, கறவை மாசம். கன்னு போட்டு ரெண்டு மாசம்னா லிட்டர் உச்சத்துல இருக்கும், ஃபேட்டும் புரதமும் வருஷத்துலயே அடிமட்டத்துல இருக்கும். உங்க அஞ்சுல மூணு இப்ப அங்கதான் நிக்குது! மொத்தக் கேன் சராசரி விழுந்ததுல அதுக்கும் ஒரு பங்கு உண்டு, வெயில் மேல எல்லாத்தையும் எழுதிடாதீங்க.

இன்னொன்னு சதவீதத்தப் பார்த்து மாட்ட எடை போடாதீங்க, கிராம்ல பாருங்க. 16 லிட்டர் 3.4 ஃபேட்னா 544 கிராம் கொழுப்பு. 9 லிட்டர் 4.7 ஃபேட்னா 423 கிராம். அளவக் கொஞ்சம் முன்ன பின்ன வச்சாலும் முதல் மாடு தோத்துப் போகாது.

மாட்டுவண்டி:

கோவம்லாம் இல்லப்பா, ஆனா ஜெர்சி வெயில் தாங்கும்ங்கிறது என் கண்ணால பார்த்தது. அப்புறம் ஏ2 மாடுன்னா ஃபேட் ஜாஸ்தின்னு சொல்றாங்களே அதுவும் ஜீன்தானே?

காளைக்கணக்கு:

தாங்கும் அண்ணே, உருவம் சின்னது, எடைக்கு ஏத்த தோல் பரப்பு அதிகம், பாலும் கம்மியா சுரக்குறதால உள்ளுக்குள்ள உருவாகுற சூடும் கம்மி. ஆனா ஒரு அளவுக்கு மேல அதுவும் விழும்.

ஏ2வுக்கும் ஃபேட்டுக்கும் சம்பந்தமே இல்ல. பீட்டா கேசீன்ங்கிற பால் புரதத்துல 67வது இடத்துல ப்ரோலின் இருந்தா ஏ2, ஹிஸ்டிடின் இருந்தா ஏ1, அவ்வளவுதான் சங்கதி. பால் திரியுற தரத்துக்கு ஜீன் பார்க்கணும்னா கப்பா கேசீன் பாருங்க, அதுல பி வகை இருந்தா கேசீன் கொஞ்சம் கூட, தயிர்க்கட்டி சீக்கிரமா கெட்டியா பிடிக்கும். இத யாரும் விளம்பரம் பண்றதில்ல.

வெயில் தாங்குறதுக்குன்னே ஜீன் இருக்கான்னு கேட்டா இருக்கு. கரீபியன்ல செயின்ட் க்ரோய் தீவுல செனபோல்னு ஒரு மாட்டினம், முடி ரொம்பக் குட்டையா வழவழன்னு இருக்கும், ஸ்லிக் ஜீன்னு பேரு. அது ப்ரோலாக்டின்ங்கிற ஹார்மோன உணர்ற ரிசெப்டரோட ஜீன்ல ஒரு டிஎன்ஏ எழுத்து விட்டுப்போனதால வர்றதுன்னு 2014ல கண்டுபிடிச்சாங்க. ஒரு பிரதி இருந்தாலே போதும், கன்னு வழவழன்னு பிறக்கும். போர்ட்டோ ரிக்கோவுலயும் ஃப்ளோரிடாவுலயும் எச்எஃப்குள்ள கொண்டு வந்திருக்காங்க, அந்த மாடுங்களுக்கு உடம்பு சூடு குறைவா ஏறுது, வெயில்ல பாலும் மத்த எச்எஃப் அளவுக்கு விழல. ஆஸ்திரேலியாவுல 2017ல இருந்து வெயில் தாங்குறதுக்குன்னே காளைக்கு மார்க் போடுறாங்க, அதாவது அதுக்குப் பிறக்கிற மாடு எவ்வளவு தாங்கும்னு ஒரு கணக்கு. சிக்கல் என்னன்னா, பால் மார்க் ஏறினா வெயில் மார்க் பொதுவா இறங்கும். ரெண்டும் நல்லா இருக்கிற காளை இல்லாம இல்ல, தேடணும். தம்பி, நீங்க மாட்ட மாத்த வேணாம், அடுத்த சினை ஊசிக்குக் காளையோட ஃபேட், புரத மார்க்கப் பார்த்து மாத்துங்க. பலன் தெரிய மூணு வருஷம் ஆகும், அது வரைக்கும் ஃபேன் காத்துதான் வைத்தியம்.

ஈரக்காத்து:

புழுக்கக் கேள்விய யாரும் தொடல, நான் சொல்றேன். டிஹெச்ஐன்னு ஒரு கணக்கு இருக்கு, வெப்பமும் ஈரப்பதமும் சேர்த்து. 40 டிகிரி 20 சதவீத ஈரப்பதத்துக்குப் போட்டுப் பாருங்க, 84 வரும். 32 டிகிரி 70 சதவீதத்துக்குப் போடுங்க, அதுவும் 84! மாட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான், வேர்வை காஞ்சாத்தானே குளிரும். முன்னாடி 72 தாண்டினாதான் பாதிப்புன்னு சொன்னாங்க, அதிகமா கறக்குற மாட்டுக்கு 68லயே ஆரம்பிக்குதுன்னு இப்ப சொல்றாங்க, 22 டிகிரி 50 சதவீதம்னாலே 68 வந்துடும். நமக்கு சொகமா இருக்கிற நேரத்துலயே மாட்டுக்கு ஆரம்பிச்சுடுது. பால்ல அடி விழுறது ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும், அதனால இன்னிக்குப் பால் குறைஞ்சா முந்தாநாள் எப்படி இருந்துச்சுன்னு பாருங்க.

தெர்மாமீட்டர் இல்லையா, விலாவப் பார்த்து மூச்ச எண்ணுங்க, நிமிஷத்துக்கு 60 தாண்டினா சூடு பிடிச்சிருக்கு. புழுக்கத்துல பனி மாதிரி தெளிக்கிற மிஸ்ட் போடாதீங்க, கொட்டகை இன்னும் வேகும். பெரிய துளியா தோல் நனையுற வரைக்கும் தெளிச்சு நிறுத்திட்டு ஃபேன் விடணும், காஞ்ச பிறகு மறுபடி.

அஞ்சுமாட்டுக்காரன்:

3 வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும், எல்லாத்தையும் செஞ்சு பார்த்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

எண்ணெய் நிறுத்திட்டேன், வைக்கோல் ராத்திரிக்கு, சோடா 100 கிராம், ரெண்டு ஃபேன் போட்டு குழாய்ல நனைச்சு விடுறேன், மதியம் மூச்சு 84 இருந்தது இப்ப 60க்குப் பக்கம். கறவை நிறுத்தின மாட்ட விட்டுட்டு மிச்ச நாலையும் தனித்தனியா ரெண்டு நாள் ரெண்டு வேளை எடுத்தேன். ஜெர்சி கிராஸ் 4.6. கருப்பி, விக்கச் சொன்ன எச்எஃப் கிராஸ்ல ஒண்ணு, 3.4 ஆனா 15 லிட்டர், கிராம் கணக்குல அதுதான் முதல். இன்னொரு எச்எஃப் கிராஸ் 4.0 வந்துச்சு, எனக்கே நம்ப முடியல. நாலாவது மாட்டுக்கு ஃபேட் பரவால்ல, எஸ்என்எஃப் மட்டும் 7.7, சந்தேகப்பட்டு மடிநோய் டெஸ்ட் பண்ணினா ஒரு காம்புல பாசிட்டிவ், வெளிய ஒண்ணுமே தெரியல, மடியில வீக்கம் இல்ல, பால்ல திரி இல்ல. அதுக்கு வைத்தியம் நடக்குது, அந்தப் பால தனியா எடுத்துடுறேன்.

மொத்த ஃபேட் இப்ப 3.8. எஸ்என்எஃப் 8.2 தாண்ட மாட்டேங்குது அக்கா, அது ஏன்?

கறவை டாக்டர்:

ஃபேட் ஏறினது வயிறு சரியானதால. புரதம் நேரா சூட்டோட கட்டுப்பட்டது, ராத்திரி குளிர ஆரம்பிச்சாத்தான் அது நகரும், இப்போதைக்கு 8.2 நல்ல நம்பர்தான். மடிநோய் கண்டுபிடிச்சது பெரிய விஷயம், அதுல லாக்டோஸும் கேசீனும் ரெண்டும் விழும், வெயில் காலத்துல மடிநோயக் காட்டிக்கொடுக்கிற செல் எண்ணிக்கையும் பால்ல பொதுவாவே ஏறும்.

கறவை நிறுத்தின மாடு எங்க நிக்குது? பால் தரலன்னு அத யாரும் கவனிக்க மாட்டாங்க. சினையோட கடைசி ரெண்டு மாசம் சூட்டுல இருந்தா மடித் திசு சரியா வளராது, அடுத்த கறவையில நாலஞ்சு லிட்டர் அடிபடும். வயித்துல இருக்கிற கெடேரிக் கன்னும் வளர்ந்து கறக்குறப்ப கம்மியாத்தான் கறக்கும், ஃப்ளோரிடாவுல பல வருஷமா பார்த்து வச்சிருக்காங்க. நீங்க நல்ல காளையாப் பார்த்து ஊசி போட்டாலும் அந்த ஜீன் முழுசா வெளிய வராது.

அஞ்சுமாட்டுக்காரன்:

அது பின்னாடி தகர ஷீட்டுக்குக் கீழ தனியா நிக்குது அக்கா. மூச்சு எண்ணிப் பார்த்தேன், 78. சாயந்திரமே மூணாவது ஃபேன் மாட்டிடுறேன்.